அம்மா நடத்தும் பக்கம்

சம்யுக்தாவுக்கு இடது கன்னத்தில் குழி விழ வேண்டும் என்று முடிவு செய்தது இயந்திரம். கடிகாரத்தை அவள் வலது கையில் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தது சுகந்தி.

ஈரோட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெண் சம்யுக்தா. பதினாறு வயது. தினமும் காலையில் சித்தோட்டிலிருந்து பஸ் பிடித்து வருவாள். கணக்கில் கெட்டிக்காரி, பேச்சில் இனியவள், தலைமுடி இடுப்பைத் தொடும். அவளிடம் ஒரே ஒரு குறை. அவள் பிறக்கவே இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்கள் தங்கள் படத்தையோ வீடியோவையோ பொதுவில் போடக்கூடாது. பெற்றோர் தங்கள் பெயரில் பக்கம் தொடங்கிப் போட்டால் மட்டும் சரி. பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். போடக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. பார்க்கிற கண்கள் அப்படியே இருந்தன, பார்க்கக் கிடைக்கிற பிள்ளைகள்தான் குறைந்துவிட்டார்கள். 'ஜன்னல்' என்ற நிறுவனம் அந்தக் காலி இடத்தை நிரப்பியது. ஊருக்கு ஊர் பிள்ளைகளை உண்டாக்கியது. சட்டத்துக்குக் குறைவு வராமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அம்மாவையும் உண்டாக்கியது. பிள்ளையின் படம் மேலே. அம்மா எழுதிய நாலு வரி கீழே. 'இது அம்மா நடத்தும் பக்கம்' என்று தலைப்பில் ஒரு முத்திரை. கண்ணுக்கே தெரியாத எழுத்தில், ஒரு மூலையில், 'கற்பனையும் கலந்தது' என்று ஒரு வரி.

படங்களை இயந்திரமே செய்துவிடும். அம்மாவின் வரிகளில்தான் அது தடுக்கி விழுந்தது. ஈரோட்டுப் பெண்ணைச் சாயங்காலம் கடற்கரைக்கு அனுப்பியது. பெரிய மாரியம்மன் பண்டிகைக்குப் பட்டாசு வெடிக்க வைத்தது. அதனால் நிறுவனம் ஊருக்கு ஓர் ஆளை வீட்டிலிருந்தே எழுதச் சொல்லி அமர்த்தியது. சுகந்தி அப்படிச் சேர்ந்தவள். பட்டாசை எடுத்துவிட்டு, விடியற்காலையில் ஈரச்சேலையோடு வரிசையில் நின்று, கோயில் முன் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற அம்மாவையும் மகளையும் எழுதினாள். மறுநாளே மேற்பார்வையாளர் ஜெரால்டு சென்னையிலிருந்து கூப்பிட்டுப் பாராட்டினார்.

நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. சொந்த ஊர்ப் பிள்ளையின் பக்கத்தை யாரும் எழுதக்கூடாது. சுகந்தி விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்தில் கணவர் பழனிக்குமாரின் ஊரை எழுதியிருந்தாள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே, குலதெய்வம் அங்கே. எந்தப் படிவத்தை நீட்டினாலும் கை தானாக எழுதுகிற முகவரி அதுதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக ஈரோட்டில் குடியிருப்பதை அவள் முகவரியாக நினைத்ததே இல்லை. நிறுவனம் அவளைக் காங்கேயத்துக்காரி என்று எடுத்துக்கொண்டு ஈரோட்டைக் கொடுத்தது. இரண்டாம் நாளே அவளுக்கு விஷயம் புரிந்தது. தெரிந்த ஊர், சுலபமாக இருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய சொந்த மகள் லக்‌ஷனாவுக்கும் பதினாறு வயதுதான். வீட்டில் லச்சு. நகம் கடிப்பாள். கேட்டதற்கு இரண்டு வார்த்தையில் பதில். ஆள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர்கள் சொந்தபந்தத்தில் அது சின்னக் குற்றமில்லை. வீட்டுக்கு வந்தாலும் விசேஷத்துக்கு வந்தாலும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அந்த மனக்குறை பத்து வருடம் பேசப்படும். லச்சு யாரையும் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். "பொண்ணுக்கு வாய்ல கொழுக்கட்டையா?" என்று கணவரின் அக்கா சரோஜா நங்கையா பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். சுகந்தி அன்று இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தாள்.

அந்த வாரம்தான் சம்யுக்தா ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்றாள். "நூற்று நாற்பது பேர். ஒருவரையும் விடாமல் 'வாங்க' சொன்னாள் என் மகள். சாயங்காலம் கன்னம் வலிக்கிறது என்று என் மடியில் படுத்துக்கொண்டாள். 'நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்கு நீதான் கண்ணு' என்றேன்." ஒரு சொல்லையும் அழிக்காமல், மூச்சு விடுகிற நேரத்தில் எழுதி முடித்தாள். இப்படி எது எதெல்லாம் தன் வீட்டில் நடக்கவில்லையோ அதெல்லாம் சித்தோட்டில், இல்லாத ஒரு வீட்டில், நடந்துகொண்டிருந்தது.

அது எதற்காக என்பது சுகந்திக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டாம் வருடம் எழுத்தர்களுக்கு நடந்த கூட்டத்தில் ஜெரால்டு எல்லாவற்றையும் விளக்கமாகவே சொன்னார். பத்துப் படி மேலே இருப்பவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் ரசித்துவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரே ஒரு படி மேலே, அதே ஊரில், அதே வகுப்பில் ஒருத்தி இருந்தால் போக மாட்டார்களாம். திரும்பத் திரும்ப வந்து பார்ப்பார்களாம். திருச்சிக்கு எழுதுகிற பெண் ஒருத்தி, பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாதா சார் என்று கேட்டாள். அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு இருக்கிறது என்று பதில் வந்தது. சுகந்தி அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் கேட்கக்கூடாது என்று மைக்கை அணைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். யார் வீட்டுப் பிள்ளைகளோ என்று நினைத்தாள். லச்சுவிடம் போன் கிடையாது. டியூஷனுக்கு ஒரு பழைய டேப்லெட் மட்டும்தான்.

இந்த ஆவணியில் நங்கையா மகளுக்கு நிச்சயதார்த்தம். பெருந்துறை ரோட்டில் மண்டபம். காரை விட்டு இறங்கியதும் லச்சு நேராக வாசலுக்குப் போய் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் 'வாங்க' சொன்னாள். லேசாகத் தலையைச் சாய்த்து, பல் தெரியாமல் சிரித்து, ஒருவரையும் விடாமல். வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தாள். நங்கையாவே வாயடைத்துப் போனாள். சுகந்திக்குத் தரையில் கால் பாவவில்லை. திரும்பும்போது காரில் மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான் நீ எம் பொண்ணாட்டம் இருந்தே" என்றாள்.

லச்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று சுகந்தி நினைத்தாள்.

அதற்குப் பிறகு சாப்பாடு குறைந்தது. முதலில் இரவுச் சாப்பாடு நின்றது. பிறகு காலை இட்லி. ஒன்பது நாட்களாகப் பள்ளிக்கூடமும் இல்லை. வயிறு வலிக்கிறது என்றாள், தலை சுற்றுகிறது என்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. லச்சுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எடையை எழுதிய காகிதத்தைச் சுகந்தி பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா அட்மிட் பண்ணித்தான் ஆகணுங்க. வயித்துல கோளாறு இல்ல. யாரையோ பாத்து, அவளாட்டம் நான் இல்லைன்னு உருகுது. இந்த வயசுப் பிள்ளைங்க வாரத்துக்கு நாலு பேரு இப்படி வருதுங்க. டேப்லெட்டை வாங்கிப் பாத்தீங்களா?"

சுகந்தி வராந்தாவுக்கு வந்து, லச்சுவிடமிருந்து டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். பார்த்த நேரத்தின் கணக்கு அதிலேயே இருந்தது. தினமும் ஐந்து மணி நேரம். ஒரே பக்கம். விரலால் தொட்டுத் திறந்தபோது கன்னத்தில் குழி விழ ஒரு பெண் சிரித்தாள்.

உள்ளே வந்ததும் டாக்டர் என்ன என்பது போலப் பார்த்தார்.

"யாரோ சிநேகிதி பக்கம் போலிருக்குதுங்க" என்றாள் சுகந்தி. டேப்லெட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மகள் எடை குறைந்துகொண்டிருக்கிற அந்த அறையில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று ஜிப் பாதியில் மாட்டியபோது உறைத்தது. இருந்தும் அதைச் சரி செய்து முழுக்க மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் லச்சு கையை நீட்டினாள். கொடுக்காமல் இருந்தால் மத்தியானக் கஞ்சியும் இறங்காது. கொடுத்துவிட்டு, மாடியில் துணி காயப்போடுகிற இடத்துக்குப் போய் ஜெரால்டைக் கூப்பிட்டாள். தெரிந்தவர்கள் வீட்டுப் பெண் ஒன்று சம்யுக்தாவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல் கிடக்கிறது என்றாள். கணக்கு எண்ணையும் கொடுத்தாள்.

"அவளுக்கு மட்டும் அந்தப் பக்கத்தை நிறுத்திப்போடுங்க சார்."

"நிறுத்தலாம் மேடம். ஆனா ஆறு மணி நேரத்துல சிஸ்டம் வேற ஒருத்தியை அனுப்பும். இவளைவிடப் பொருத்தமா. இவ்ளோ நாள் அந்தப் பொண்ணைப் பத்தி அது கத்துக்கிட்டது எல்லாத்தையும் வச்சு."

"அப்ப என்னதான் பண்றது?"

"சம்யுக்தாவை ஒரு படி கீழ இறக்குங்க. மார்க்கு குறையட்டும், முகத்துல பரு வரட்டும். ரெண்டு பேரும் ஒரே மட்டம்னு ஆயிட்டா அந்தப் பொண்ணுக்கு ஆர்வம் போயிடும். நீங்க எழுதி அனுப்புங்க, உடனே ஏத்திடறேன்." அவள் கொடுத்த எண்ணைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணு படத்துல நிக்கவே இல்ல மேடம். நேரம் பூரா கீழ இருக்கற எழுத்துலதான் நிக்குது. உங்க எழுத்துக்கு அவ்ளோ பவர்."

சுகந்தி கொடியிலிருந்த ஒரு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள்.

"மேடம், தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணுதானே?"

"ஆமாங்க" என்றாள். கொடியில் லச்சுவின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் போடாததை எதற்காகத் துவைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அங்கேயே, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எழுதினாள். சம்யுக்தாவுக்குக் கணக்கில் நாற்பத்தொன்று கொடுத்தாள். அதைக் கொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி, பழி தீர்ப்பது போல. அடுத்து அம்மா என்ன சொன்னாள் என்று எழுத வேண்டும். திட்டினாள் என்று எழுதிப் பார்த்தாள். அழித்தாள். இரண்டு வருடமாக எழுதிவந்த அந்த அம்மாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. அவளுக்கு எது வருமோ அதையே எழுதி அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் பக்கத்தில் வந்துவிட்டது. சுகந்தி கீழே இறங்கி, கஞ்சியைச் சூடு பண்ணி, கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். உள்ளே லச்சு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள், ஏன், சிரித்துக்கொண்டுகூட இருக்கலாம் என்று ஓர் ஆசை.

லச்சு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, தேம்பித் தேம்பி அழுது ஓய்ந்த முகம். அம்மாவைப் பார்த்ததும் டேப்லெட்டை நீட்டினாள்.

"இதைப் படி."

"கஞ்சி ஆறிரும் சாமி. அப்பறமா..."

"வாய் விட்டுப் படி."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுகந்தி வாங்கினாள். தான் எழுதியதைத் தன் மகளுக்கு முன்னால் சத்தமாகப் படிக்கும்படி ஒரு நாள் வரும் என்று அவள் எண்ணியதில்லை. அடுப்பங்கரையில் தேய்ந்த குரல், கணவரின் மண்டிக் கணக்கப்பிள்ளைக்குப் போனில் பதில் சொல்கிற குரல், அந்த வரிகளுக்கு ஒட்டவே இல்லை.

"கணக்கில் நாற்பத்தொன்று. பேப்பரைக் காட்டப் பயந்து இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். மார்க் போனால் போகட்டும். என்னிடம் காட்டப் பயந்தாளே, அதுதான்..." கண்ணில் நீர் மறைத்தது. திரை கலங்கித் தெரிந்தது. நிறுத்தினால் விசும்பல் வந்துவிடும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். "அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் எப்போது கொடுத்தேன் என்று யோசித்தேன். பிறகு இரண்டு பேரும் கடைக்குப் போய்ப் பப்ஸ் சாப்பிட்டு வந்தோம்."

லச்சு டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டி அதன் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தாள். திரையில் மூன்று வரிதான் இருந்தது. அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்ற பொத்தான். அதை யாரும் தொடவில்லை.

"இன்னும் திறக்கவே இல்லையேம்மா. மிச்சம் உனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. இரண்டு மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. டாக்டரிடம் ஒன்று, ஜெரால்டிடம் ஒன்று என்று காலையிலிருந்து சொன்னவற்றோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளச் சுகந்தியால் முடியவில்லை.

"நான்தான் எழுதினேன்."

"இதையா?"

"எல்லாத்தையும். ரெண்டு வருசமா. நான் பண்ற வேலையே அதுதான். சம்யுக்தான்னு ஒரு பொண்ணே கிடையாது லச்சு. எல்லாம் மெஷின் பண்ணின படம். அவளைப் பாத்து நீ பட்டினி கிடக்க வேண்டியதில்ல. அவ முடி, அவ நிறம், எதுவுமே நெசமில்ல."

சொல்லிவிட்டால் மகளுக்குப் பாரம் இறங்கிவிடும் என்று அந்த நொடி வரை அவள் நம்பினாள். லச்சுவின் முகத்தில் எதுவும் இறங்கவில்லை.

"அவ கிடக்கறா" என்றாள். "அவங்கம்மா?"

"என்னது?"

"அவங்கம்மா நெசமா இல்லையா?"

"இல்ல. அதுவும் நான்தான்."

லச்சு முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நகத்தைக் கடிக்கப் போய், நிறுத்தினாள். பேச ஆரம்பித்தபோது சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், நிறுத்தாமல் பேசினாள்.

சம்யுக்தாவை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அந்த அம்மா இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று பார்ப்பாளாம். ஒரே வரியைப் பத்துத் தடவை படிப்பாளாம். நமக்கு ஏன் அப்படி ஒரு அம்மா இல்லை என்று நினைத்ததும், இப்படி நினைக்கிற நாம்தான் எவ்வளவு மோசம் என்று தோன்றுமாம். சம்யுக்தாவுக்கு அப்படி ஓர் அம்மா கிடைத்திருக்கிறார் என்றால் அவள் அதற்குத் தகுதியாக இருக்கிறாள், நாம் தகுதியாக இல்லை. அவ்வளவுதான் விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டாளாம்.

"அவளாட்டம் ஆயிட்டா நீயும் அப்படிப் பேசுவேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் மண்டபத்துல போயி நின்னேன். காலெல்லாம் நடுங்குச்சு. திரும்பி வர்றப்போ கார்ல நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. சொன்ன சொல்லும், சொல்லும்போது இருந்த பூரிப்பும் அப்படியே இருந்தன.

"பத்தாவது படிக்கறப்ப கணக்கு ரிவிஷன் டெஸ்ட்ல எனக்கு அம்பத்தெட்டு. நீ மூணு நாளு எங்கூடப் பேசல. இவளுக்கு நாப்பத்தொண்ணுக்குப் பப்ஸ் வாங்கித் தந்திருக்கறே." லச்சு முதல் தடவையாக அம்மாவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சுகந்தி தாங்கியிருப்பாள். வெறும் ஆச்சரியம்தான் இருந்தது. "நான் என்னமோ உனக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியாதுன்னே நெனச்சுட்டு இருந்தேன்மா."

வாசலில் பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். சுகந்தி எழுந்திருக்கவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும். மகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், மூச்சுப் படுகிற தூரத்தில். ஆனால் எதை எடுத்தாலும் அது ஏற்கெனவே செலவாகிப் போயிருந்தது. 'நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்கு நீதான் கண்ணு' என்பதை மண்டபத்துப் பதிவில் எழுதியாகிவிட்டது. 'என்னிடம் பயப்படாதே' என்பது சற்று முன்னால்தான் போனது. தலையைத் தடவிக் கொடுக்கலாம் என்று கை எழுந்தது. அதைத் தீபாவளிப் பதிவில் எழுதியிருந்தாள், எண்ணெய் வாசனையோடு. எழுந்த கை அப்படியே இறங்கியது. அந்த இன்னொரு வீட்டு அம்மா ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். இங்கே சொன்னால் அது படித்துக் காட்டுவதாகத்தான் இருக்கும். லச்சுவுக்கு எல்லாம் மனப்பாடம்.

போன் நடுங்கியது. ஜெரால்டிடமிருந்து செய்தி. இன்றைய பதிவை ஈரோட்டில் மட்டும் பதினோராயிரம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், பாதிப் பேர் இரண்டாம் முறையும் படிக்கிறார்கள், இனிமேல் அம்மா பேசுவதைக் கொஞ்சம் கூட்டி எழுதுங்கள் என்று இருந்தது. லச்சுவும் எட்டி அதைப் படித்தாள். பதினோராயிரம் வீடுகளில் பதினோராயிரம் அம்மாக்கள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று சுகந்திக்குத் தோன்றியது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிறுத்தி அளந்து, ஒரு படி குறைவு என்று காட்டியவள் தான்தான். அந்த அளவுகோலில் எல்லோருக்கும் கீழே நிற்பவளும் தான்தான்.

முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்தும் எரிந்தது.

"எனக்கு வெக்கமா இருக்குது லச்சு" என்றாள்.

நன்றாக வரவில்லை. பாதியில் குரல் உடைந்து, மூக்கால் பேசியது போலக் கேட்டது. ஆனால் இந்த ஒரு வரியை அந்தப் பக்கத்தில் அவள் எங்கேயும் எழுதியதில்லை. அந்த அம்மாவுக்கு அதற்கு அவசியமே வந்ததில்லை.

லச்சு அசையாமல் கேட்டாள். டேப்லெட்டைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை.

"அப்பறம்?" என்றாள்.